நாலும் போட்டேன் மேடம்

"அந்தப் பொண்ணு வேண்டாங்க. முருகானந்தம் அண்ணன் சாப்பிட்டுட்டு வரட்டும். நான் நிக்கிறேன்."

கும்பகோணம் தாண்டி, குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு அரிசி ஆலை. அதன் அலுவலக ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு ஒரு விவசாயி இப்படிச் சொன்னபோது நான் உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஆறிப்போன டீயுடன் உட்கார்ந்திருந்தேன். குறுவை அறுவடைக் காலம். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவருடைய நெல் டிராக்டரில் தார்ப்பாய்க்கு அடியில் ஈரத்தோடு சூடேறிக்கொண்டிருந்தது. அப்படியே ஒரு நாள் கிடந்தால் முளைவிட்டுவிடும். அது தெரிந்தும் அவர் காத்திருக்கத் தயாராக இருந்தார்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தமிழரசி கீபோர்டிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த ஆலையில் எல்லோரும் நம்பிய சங்கதி இது: தமிழரசி கை வைத்தால் கம்ப்யூட்டர் நின்றுவிடும். முருகானந்தம் கை வைத்தால் ஓடும்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடிய புரோகிராமை எழுதியவள் நான். கைராசியில் எனக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. ஆனால் மனிதர்கள் சொல்வதிலும் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. வினை அங்கிருந்துதான் வந்தது.

மாவு மில்லில் நிற்பவள்

இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் சந்தேக புத்தி பழகியிருக்கும். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனையில் போய்விட்டுத் திரும்பி வந்து நாலாவது தடவையும் இழுப்பேன். மாவு மில்லில் கோதுமையைக் கொடுத்தால், என் கோதுமைதான் மாவாகிறதா என்று தும்மிக்கொண்டே பக்கத்தில் நிற்பேன். தாலி கட்டியதும் மூன்று முடிச்சையும் நான் இழுத்துப் பார்த்ததாக என் கணவர் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். அது பொய். ஒரு முடிச்சைத்தான் பார்த்தேன்.

தொழிலில் இந்தக் குணம் எனக்குச் சோறு போட்டிருக்கிறது. சென்னையில் ஒரு கம்பெனியில் பத்துப் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டியபோது, மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. யார் "சரியா இருக்கு" என்று சொன்னாலும் அங்கேதான் முதலில் தோண்டுவேன். பெரும்பாலும் ஏதாவது கிடைக்கும். கிடைத்த அன்று எனக்கு மத்தியானச் சாப்பாடு நன்றாக இறங்கும்.

பிறகு தஞ்சாவூருக்கே வந்துவிட்டேன். வீட்டில் இருந்தபடி சின்ன ஆலைகளுக்கும் கடைகளுக்கும் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறேன். இங்கே தப்பு செய்கிறவளும் நான், கண்டுபிடிக்க வேண்டியவளும் நான். இந்த ஏற்பாட்டில் இருக்கிற ஆபத்து எனக்கு வெகு நாள் உறைக்கவில்லை.

கறுப்புத் திரையில் ஒரு வரி

ஆலை முதலாளி கேட்டது சின்ன வேலை. நெல் வண்டி வந்ததும் மூட்டையில் குத்தூசியைச் செருகி, கொஞ்சம் நெல்லை உருவி, மீட்டரில் ஈரப்பதம் பார்ப்பார்கள். அதை வைத்து அந்த நெல் நேரே குடோனுக்குப் போக வேண்டுமா, டிரையருக்குப் போக வேண்டுமா, களத்தில் காய வேண்டுமா என்று ஒரு சீட்டு அடித்துத் தர வேண்டும். சீட்டு கையில் வராமல் ஒரு மூட்டையும் கீழே இறங்காது.

அங்கே இருந்த கம்ப்யூட்டர் அரதப் பழசு. அதனால் பட்டன், படம் எதுவும் வைக்காமல் கறுப்புத் திரையில் ஓடுகிற மாதிரி எழுதினேன். புரோகிராமின் பெயர் 'ஈரம்'. அந்தப் பெயரை அடித்து, அதே வரியில் இடைவெளி விட்டு விட்டு நாலு சமாச்சாரம் அடிக்க வேண்டும். வண்டி எண், ரகம், மூட்டை, ஈரப்பதம். பிறகு எண்டர். அவ்வளவுதான். இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். முதலாளி அந்தத் தாளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்.

முதல் நாள் நான் அவரோடு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "ஓடுது மேடம்!" என்று உள்ளேயிருந்து முருகானந்தம் குரல் கொடுத்தார். அவர் முதலாளிக்கு மச்சினர் முறை, ஆலையில் ரொம்ப நாளாக இருப்பவர். சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. நான் பஸ் ஏறிவிட்டேன். மாவு மில்லில் நின்று பார்க்கிறவள், என் சொந்தச் சரக்கை மட்டும் நின்று பார்க்கவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் எந்தப் புகாரும் வரவில்லை. பிறகு அறுவடை நெருக்கடியில் மத்தியான வேளைக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது. பக்கத்து ஊர் தமிழரசி வந்து சேர்ந்தாள். பி.சி.ஏ. முடித்தவள். அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். ஒரு மாதம் வைத்துப் பார்ப்பது, பிடித்திருந்தால் நிரந்தரம் என்பது பேச்சு.

சேர்ந்த அன்றே எனக்குப் போன் செய்தாள்.

"மேடம், சீட்டு வரலைங்க. இங்கிலீஷ்ல ஏதோ ரெண்டு மூணு வரி வந்து நின்னுடுது."

"படிம்மா."

படித்தாள். சாரம் இதுதான்: அர்ரேயில் நான்காம் எண் இடத்தைக் கேட்டிருக்கிறாய், மொத்த இடமே நாலுதான், அது எல்லைக்கு வெளியே இருக்கிறது.

அர்ரே என்றால் வரிசையாக அறைகள் உள்ள பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேடிக்கை என்னவென்றால் அறை எண் பூஜ்யத்தில் ஆரம்பிக்கும். ஆகவே நான்காம் எண் என்பது ஐந்தாவது அறை. பூஜ்யம் எண் அறையில் புரோகிராமின் பெயர் உட்கார்ந்திருக்கும், ஒன்று முதல் நான்கு வரை நாம் அடித்தவை இருக்கும் என்பது என் கணக்கு. மொத்தம் ஐந்து இருக்க வேண்டும். நாலுதான் இருக்கிறது என்று கம்ப்யூட்டரே சொல்கிறது. அப்படியானால் இந்தப் பெண் ஒன்றை விட்டுவிட்டாள்.

"மூணுதான் போட்டிருக்க. எதையோ விட்டுட்டம்மா."

"இல்லைங்க மேடம். வண்டி, ரகம், மூட்டை, ஈரம். நாலும் போட்டேன்."

"போட்டிருந்தா ஓடியிருக்கும்."

"நாலும் போட்டேன் மேடம்."

பிழையை ஒப்புக்கொள்ளாத குரல் என்று எனக்குத் தோன்றியது. போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்து, நான் பார்க்க வேண்டிய வரியில் பாதி வெள்ளையாகத் தெரிந்தது. வெளிச்சம் தானாக விழுந்ததா, விழும்படி எடுத்தாளா என்றுகூட யோசித்தேன். இதை எழுதும்போது கூசுகிறது. ஆனால் யோசித்தது நிஜம்.

முருகானந்தத்தைக் கேட்டால், "எனக்கு ஒரு தடவைகூட நின்னதில்லை மேடம்" என்றார். ஒரே புரோகிராம், ஒரே கம்ப்யூட்டர். ஒருவருக்கு ஓடி இன்னொருவருக்கு நின்றால் யாரைச் சந்தேகிப்பது?

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் அவளே மறுபடியும் கூப்பிட்டாள். "மேடம், ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தாள். அன்றைக்கு எனக்கு வேறு ஏதோ எரிச்சல். "தமிழரசி, எத்தனை போட்டேன்னு உண்மையை மட்டும் சொல்லு" என்றேன். அந்தப் பக்கம் மூட்டை விழுகிற ஓசை மட்டும் கேட்டது. "நாலும் போட்டேன் மேடம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அடுத்து முதலாளியே கூப்பிட்டார்.

"மேடம், கைராசின்னு ஒண்ணு இருக்குல்ல. வண்டிக்காரங்க அந்தப் பொண்ணு உட்கார்ந்திருந்தா தள்ளியே நிக்கிறாங்க. மாசம் முடியப்போகுது. அனுப்பிட்டு நம்ம சொந்தத்துல ஒரு ஆளைப் போட்டுக்கலாம்னு பார்க்கிறேன். நீங்க ஒரு நடை வந்து, தப்பு அது மேலதான்னு சொல்லிட்டீங்கன்னா எனக்கும் மனசு உறுத்தாது."

அதைச் சொல்லத்தான் போனேன்.

லாபம், ரெண்டு, மூணு

கும்பகோணத்தில் பஸ் மாறிப் போய் இறங்கியபோது ஆலை முற்றத்தில் ஒரு லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. தவிட்டு வாசனையும் அவித்த நெல்லின் புழுங்கல் வாசனையும் மூக்கை அடைத்தன. லோடுமேன் ஒருவர் ராகத்தோடு எண்ணினார்: "லாபம்... ரெண்டு... மூணு..."

எங்கள் பக்கத்தில் நெல்லை எண்ணும்போதும் அளக்கும்போதும் முதலாவதை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். நெல் அளந்த மரக்கால் போய் மூட்டை வந்து, மூட்டைக்கு எலெக்ட்ரானிக் தராசும் வந்துவிட்டது. அந்தச் சொல் மட்டும் போகவில்லை. நான் அதைக் காதில் வாங்கியபடி அலுவலகத்துக்குள் நுழைந்தேன்.

முதலில் கீபோர்டைத் தலைகீழாகத் தட்டினேன். உமியும் நாலைந்து நெல்மணியும் ஒரு செத்த வண்டும் விழுந்தன. இடைவெளி விடும் கட்டை நன்றாக வேலை செய்தது. ரகத்துக்கும் மூட்டைக்கும் நடுவே இடைவெளி விடுகிறாளா என்று கேட்டேன். "விட்டுத்தான் அடிக்கிறேன் மேடம். தாள்ல அப்படித்தானே போட்டிருக்கீங்க" என்றாள். அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சுவரில் இருந்த தாளைப் பார்த்துப் பேசினாள். அதையும் மனதுக்குள் அவளுக்கு எதிராகக் குறித்துக்கொண்டேன்.

சரி, எதிரிலேயே அடிக்கச் சொல்லிப் பார்த்துவிடலாம் என்று நினைத்த நேரத்தில்தான் அந்த விவசாயி ஜன்னலுக்கு வந்து, அந்தப் பெண் வேண்டாம் என்றார்.

முருகானந்தம் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தார். தமிழரசி எழுந்து இடம் விட்டாள். நான் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். மனுஷன் பட்டாசு மாதிரி அடித்தார். புரோகிராம் பெயரை விட்டுவிட்டு, இடைவெளி விட்டு விழுந்த சொற்களை எண்ணினேன். ஐந்து.

"எண்டர் தட்டாதீங்க!"

திடுக்கிட்டுக் கையை எடுத்தார்.

"முதல்ல என்னமோ அடிச்சீங்களே, அது என்ன?"

"எது? லாபமா?"

ஆங்கில எழுத்தில், வண்டி எண்ணுக்கு முன்னால், லாபம் என்று அடித்திருந்தார்.

"தாள்ல அது இல்லையே?"

"அதையெல்லாம் தாள்ல எழுதுவாங்களா மேடம்? நெல்லுன்னா லாபம்னுதானே தொடங்கணும். முதல் நாள் அது இல்லாமதான் அடிச்சேன். ஓடலை. அடடா, லாபம் போடலையேன்னு போட்டேன், உடனே சீட்டு வந்துடுச்சு. பரவாயில்லையே, நம்ம பக்கத்து ஆளு எழுதினது, நெல்லு விவரம் தெரிஞ்சுதான் எழுதியிருக்காங்கன்னு சந்தோஷமா இருந்துச்சு."

"இதைத் தமிழரசிகிட்ட சொன்னீங்களா?"

"அதுக்குத் தெரியாதா என்ன? இந்த ஊருல பொறந்த பொண்ணுதானே."

வெள்ளந்தியாகச் சொன்னாரா, தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டிருந்தாரா என்று இன்றுவரை என்னால் முடிவுக்கு வர முடியவில்லை. காலியாகப்போகிற நாற்காலிக்கு அவர்கள் சொந்தத்தில் ஆள் தயாராக இருந்தது. ஆனால் அந்த நிமிஷம் அவரை விசாரிக்க எனக்கு அவகாசம் இல்லை. அவரை நாற்காலியிலிருந்து எழச் சொன்னேன்.

உட்கார்ந்து, அந்த வரியில் லாபத்தை அழித்துவிட்டு, மீதி நாலையும் வைத்து நானே எண்டர் தட்டினேன். அதே பிழை. என் கைக்கும் நின்றுவிட்டது. லாபம் இருந்த இடத்தில் 'தோசை' என்று அடித்துத் தட்டினேன். சமர்த்தாகச் சீட்டு வந்தது.

பூஜ்யம் எண் அறை

சென்னையில் தப்புத் தேடுவதற்காக நான் வருஷக்கணக்காக எழுதியது பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில். அதில் பூஜ்யம் எண் அறை புரோகிராமின் பெயருக்கு. ஆலைக் கம்ப்யூட்டரில் ஜாவா என்ற இன்னொரு மொழி ஏற்கெனவே இருந்ததால் இதை ஜாவாவில் எழுதினேன். ஜாவாவில் புரோகிராமின் பெயர் அந்தப் பெட்டிக்குள் வருவதே இல்லை. நாம் முதலில் அடிப்பது எதுவோ அதுதான் பூஜ்யத்தில் உட்காரும். இது எனக்குத் தெரியாததில்லை. பழக்க தோஷத்தில் கை ஒன்றிலிருந்து நான்கு வரை எழுதிவிட்டது.

வீட்டில் சோதித்துத்தான் அனுப்பினேன். எப்படிச் சோதித்தேன் தெரியுமா? கறுப்புத் திரையில் அடித்துப் பார்க்காமல், நானே ஒரு பட்டியலைக் கையால் எழுதி உள்ளே கொடுத்தேன். அந்தப் பட்டியலின் முதல் இடத்தில் நானே புரோகிராமின் பெயரையும் எழுதி வைத்திருந்தேன். கேள்வித்தாளைத் தயாரித்தவளே பரீட்சையும் எழுதி நூற்றுக்கு நூறு வாங்கிய கதை.

ஆக, நான் காலியாக விட்ட பூஜ்யம் எண் அறையில் ஒரு வருஷத்துக்கு மேலாக முருகானந்தத்தின் லாபம் குடியிருந்து என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது. தாளில் இல்லாததை அடித்தவருக்கு ஓடியது. தாளில் இருந்ததை அப்படியே அடித்தவளுக்கு நின்றது. அவளைப் பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டு நான் பஸ் ஏறி வந்திருந்தேன்.

முதலாளியைக் கூப்பிட்டு விவரத்தைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, இவ்வளவுதானா! அந்தப் பொண்ணையும் லாபம்னு போடச் சொல்லிடுங்க, முடிஞ்சுபோச்சு. நல்ல வார்த்தைதானே. ஓடுறதை ஏன் நோண்டுறீங்க?"

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் ஆசையாக இருந்தது. தாளில் மேலே ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் போதும். வேண்டுமென்றே அப்படித்தான் எழுதினேன் என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். தமிழரசிக்கு ஒரு வழக்கம் தெரியவில்லை என்று ஆகிவிடும், எனக்கு எழுதத் தெரியவில்லை என்று ஆகாது.

அவள் சுவரோரமாக நின்றிருந்தாள். கை இரண்டையும் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள். அந்தக் கையைப் பற்றித்தான் மூன்று வாரமாக எல்லோரும் பேசியிருக்கிறார்கள்.

"தப்பு என்னுதுங்க" என்றேன். ஜன்னலுக்கு வெளியே நின்றவருக்கும் கேட்க வேண்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். "நான் எழுதினதுல தப்பு. அந்தப் பொண்ணு முதல் நாள்லேருந்து சரியாத்தான் அடிச்சிருக்கு. கையில ஒண்ணும் இல்லை."

பத்து நிமிஷ வேலைதான். ஒன்று முதல் நான்கு வரை இருந்ததைப் பூஜ்யம் முதல் மூன்று வரை என்று திருத்தினேன். அடித்தவை சரியாக நாலு இல்லாவிட்டால், நாலு வேண்டும், வந்திருப்பது இத்தனை என்று புரோகிராமே சொல்லும்படி இரண்டு வரி சேர்த்தேன். முதல் நாளே எழுதியிருக்க வேண்டிய இரண்டு வரி.

எழுந்து தமிழரசிக்கு இடம் விட்டேன். அவள் உட்கார்ந்தாள். தாளை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். வண்டி எண், ரகம், மூட்டை, ஈரப்பதம். எண்டர்.

பிரிண்டர் முனகியது. சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியாக நீட்டினாள். அந்த விவசாயி முருகானந்தத்தைப் பார்த்தார். முருகானந்தம் கூரையைப் பார்த்தார். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் அவர் வாங்கிக்கொண்டார். சற்று நேரத்தில் வெளியே லாபம், ரெண்டு என்று குரல் எழுந்தது.

பஸ் நிறுத்தம்

சாயங்காலம் அவளும் நானும் ஒரே குடையில் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அவளுக்குச் சந்தோஷமா இல்லையா என்று முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்குள் இன்னும் ஒரு சந்தேகம் குடைந்துகொண்டிருந்தது. கேட்காமல் இருக்க என் பிறவிக் குணம் விடவில்லை.

"முருகானந்தம் லாபம்னு அடிக்கிறதை நீ ஒரு தடவைகூடப் பார்க்கலையா?"

"ரெண்டாவது வாரமே பார்த்துட்டேன் மேடம்."

நான் நின்றுவிட்டேன். "பார்த்தியா? அப்புறம் ஏன் நீயும் அடிக்கலை?"

"எங்கப்பா இந்த முதலாளி வீட்டுக் களத்துலதான் மரக்கால் பிடிச்சு அளந்தாரு. காலையிலேருந்து பொழுது சாயிற வரைக்கும் லாபம் லாபம்னு சொல்லிக்கிட்டே. அந்த லாபம் யார் வீட்டுக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியும். அதை நான் அடிக்க மாட்டேன் மேடம். தாள்ல நாலுதான் இருந்துச்சு. நாலுதான் அடிப்பேன்."

"சரி, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அன்னைக்கே சரி பண்ணியிருப்பேனே. வேலையே போயிருக்கும், தெரியுமா?"

"சொல்லத்தான் போன் பண்ணேன் மேடம். பார்த்த அன்னைக்கே." குடையைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்தாள். "நீங்க எத்தனை போட்டேன்னு உண்மையை மட்டும் சொல்லச் சொன்னீங்க. அதை மட்டும் சொன்னேன்."

மன்னித்துவிடு என்று சொன்னேன். மழைச் சத்தத்தில் அது அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. இன்னொரு தடவை உரக்கச் சொல்ல வெட்கமாக இருந்தது.

கும்பகோணம் பஸ் வந்தது. அவள் சாலையில் இறங்கி, எனக்காகக் கையைக் காட்டி நிறுத்தினாள்.